சோற்றுக்கையும் முள்கரண்டியும்

இங்கிலாந்துக்குப் போய் வந்தவர்கள் அரண்மனையைப் பற்றியும் ஆற்றுப் பாலத்தைப் பற்றியும் எழுதுவார்கள். நான் எழுதப்போவது ஒரு முள்கரண்டியைப் பற்றி. மற்றதெல்லாம் என் மகனின் போனில் போட்டோவாக இருக்கிறது. வேண்டுபவர்கள் அவனிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் விவசாயி. போன சம்பாவுக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த சமயம் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது பேச்சு திரும்பியிருந்தது. கால் கொஞ்சம் இழுத்தாலும் நடக்க முடிந்தது. வலது கை மட்டும் வரவேயில்லை. விரல்கள் உள்ளங்கைப் பக்கம் மடங்கி அப்படியே நின்றுவிட்டன.

எங்கள் ஊரில் யாரும் வலது கை என்று சொல்வதில்லை. சோத்தாங்கை என்போம். இடது கைக்கு உள்ள பேச்சு வழக்கை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அது இல்லாமல் இந்தக் கதை புரியாது. பீச்சாங்கை. ஒன்று சோற்றுக்கு, மற்றது கழுவுவதற்கு என்று பெயரிலேயே பாகம் பிரித்து வைத்திருக்கிறோம். சோற்றுக்கு உள்ள கை படுத்துவிட்டால் ஒரு மனிதன் என்ன செய்வான் என்று பெயர் வைத்தவர்கள் யோசிக்கவில்லை.

ஊட்டிவிடப் போனால், “நான் என்ன பச்சப் புள்ளையா?” என்பார். ஸ்பூனைக் கொடுத்தால், “அதையும் இந்தக் கையாலதானே புடிக்கணும்?” என்று இடது கையைக் காட்டித் தள்ளிவிடுவார். டம்ளரை இடது கையில் பிடிக்கலாம். பந்தியில் எல்லாரும் அப்படித்தான் தண்ணீர் குடிக்கிறார்கள். அதனால் கஞ்சியும் மோரும் கரைத்த சோறுமாகக் குடித்தே காலத்தை ஓட்டினார். பசி தாங்காத நாளில் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டால் நான் கொல்லைப் பக்கம் போய்விடுவேன். வயலில் தூண் மாதிரி நின்ற மனிதர் சட்டைக்குள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் மாயவரத்திலிருந்து அவர் தங்கை மல்லிகா வந்தாள். மாயவரம் என்றால் மயிலாடுதுறைதான். பழைய பெயர் எங்கள் வாயை விட்டுப் போகவில்லை. அவள் மகளுக்கு ஆவணியில் கல்யாணம்.

“அண்ணே, தாய்மாமன் நீதான். முதல் பந்தியில மாப்பிள்ளையோட அப்பா பக்கத்துல நீதான் உக்காரணும்” என்றாள்.

“சீரை உங்கண்ணிகிட்ட குடுத்து அனுப்புறேன். நான் வரலம்மா.”

“தாய்மாமன் இல்லாம மணமேடையா? சபையில நாலு பேரு என்ன கேப்பாங்க?”

“வந்து உக்காந்தா அதவிட அதிகமா கேப்பாங்க” என்றார் அவர். மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஒரே அண்ணன். அப்பா போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் இவர்தான்.

ஆடியில் எங்கள் மகன் செந்தில் கூப்பிட்டான். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கிறான். உடனே மறுப்பார் என்று நினைத்தேன். “போவோம் சரோஜா. அங்க நம்மள யாருக்குத் தெரியும்?” என்றார். குறுவைப் பயிரைப் பக்கத்து வயல்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினோம்.

விமானத்தில் மடக்குப் பலகையில் சாப்பாடு வந்தது. பிளாஸ்டிக் கத்தி, பிளாஸ்டிக் முள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஜவ்வுத்தாள். எனக்கே அதைப் பிரிக்கத் தெரியவில்லை. அவர் ஆரஞ்சுச் சாற்றை மட்டும் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன். கோபத்தில் எனக்குப் பசி கூடும்.

செந்தில் இருக்கும் ஊரில் தெருவே பேசாது. பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பது குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போதுதான் தெரிகிறது. வெயில் காலம் என்றார்கள். நான் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. வயல்களைப் பார்த்தோம். கோதுமை, கோதுமைக்கு அப்பால் புல், புல்லில் ஆடு. “மடையே இல்லியே, தண்ணி எப்படிப் பாயுது?” என்று அவர் மகனைத் துளைத்தெடுத்தார். மழையிலேயே விளைகிறது என்று கேட்டதும் ஒரு பெருமூச்சு விட்டார். மேட்டூரைத் திறப்பார்களா மாட்டார்களா என்று ஒவ்வொரு வருஷமும் பேப்பரைப் பார்த்தவருக்கு அது பொறாமையாகத்தான் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மாள் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். தனியாக இருப்பவர். செந்தில் அவருக்குக் கடைக்குப் போய் வந்து உதவி செய்வானாம். என் வீட்டுக்காரர் வர மாட்டேன் என்று அடம் பிடித்தார். “டீ மட்டும் குடிச்சுட்டு வந்துடலாம்பா” என்று சொல்லித்தான் இழுத்துக்கொண்டு போனோம்.

போய்ப் பார்த்தால் டீயைக் காணோம். மேஜை முழுக்கச் சுட்ட கோழி, மசித்த உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, கேரட், கெட்டியாக ஒரு குழம்பு. ஒவ்வொரு தட்டுக்கும் இடப்பக்கம் முள், வலப்பக்கம் கத்தி. இவர் வலது கையைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டு, மேஜையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

மார்கரெட் அம்மாள் ஒரு துண்டு வெட்டினார். முள்ளால் குத்தினார். இடது கையாலேயே தூக்கி வாயில் போட்டுக்கொண்டார். செந்திலும் அப்படியே. இவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

“ஏம்ப்பா, இந்தம்மாவுக்கும் சோத்தாங்கை வராதா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“நல்லா வரும்பா. இங்க முள்ளு இடது கையிலதான் புடிக்கணும். அதுதான் முறை.”

“முறையா?”

“ஆமாப்பா. மாத்திப் புடிச்சாத்தான் தப்பு.”

சொல்லிக்கொண்டே செந்தில் தன் தட்டில் இருந்த கோழியை எல்லாம் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினான். பிறகு அப்பாவின் தட்டை எடுத்துக்கொண்டு தன் தட்டை அவர் முன்னால் வைத்தான். என் மகனுக்கு இவ்வளவு பக்குவம் எப்போது வந்தது என்று நான் மலைத்துப் போனேன்.

அவர் முள்ளை எடுத்தார். ஒரு வருஷமாகச் சட்டைப் பித்தான், சவரம், கையெழுத்து என்று எல்லாம் செய்து பழகிய கை அது. நாலு பேர் முன்னால் சோறு ஒன்றுதான் அதற்கு மறுக்கப்பட்டிருந்தது. உருண்டு ஓடிய பட்டாணியை மசித்த கிழங்கோடு சேர்த்து அணைத்து, முள்ளின் முதுகில் ஏற்றி, சிந்தாமல் வாய்க்குக் கொண்டு போனார். மறுபடி ஒரு வாய். மறுபடி ஒன்று. நான் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உன் அப்பா பட்டாணியை ஏற்றும் அழகைப் பாரேன். என் கணவருக்குக் கடைசி வரைக்கும் அது கைகூடவில்லை” என்று மார்கரெட் அம்மாள் செந்திலிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

நானோ, முள்ளை வலது கையில் பிடித்து, கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல், அழுத்திய வேகத்தில் ஒரு கேரட்டை மேஜைக்கு அப்பால் பறக்க விட்டேன். “அம்மா, கை மாறிடுச்சு” என்றான் செந்தில். நான் இடது கைக்கு மாற்றினேன். வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் கை தானாக நின்றுவிட்டது. அம்பது வருஷத்துக்கு மேல் ஊறிய அருவருப்பு. ஒரு முள் வழியாகக்கூட அது உள்ளே போக மறுத்தது. இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வரப்பில் விழுந்த நாளிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு. முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவள் பரீட்சையில் தோற்றுப்போனதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்துக் கடல் பார்க்கக் கிளம்பினோம். ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. சிக்னல் கோளாறாம். நம்ம ஊராக இருந்தால் அந்நேரம் பாதிப் பேர் தண்டவாளத்தில் இறங்கி என்ஜின் டிரைவரை விசாரித்திருப்பார்கள், ஒருவராவது முறுக்கு விற்க வந்திருப்பார். அங்கே எல்லாரும் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார்கள். ஒருவழியாக ஒரு ஸ்டேஷனில் இறக்கிவிட்டபோது எங்களுக்குப் பசியில் உயிர் போனது. எதிரே இருந்த ஓட்டலில் மீனும் வறுத்த கிழங்கும் வாங்கினோம்.

இவர் பாதி சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடிப்பதற்காக முள்ளைத் தட்டில் நேராக வைத்தார். பரிமாறும் பெண் வந்து, புன்னகை செய்து, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கையில் டம்ளரோடு இவர் திகைத்து உட்கார்ந்திருந்தார்.

“நான் இன்னும் முடிக்கலியேடா.”

“நேரா வச்சா முடிச்சாச்சுன்னு அர்த்தம்பா. சாய்ச்சு வச்சாத்தான் இன்னும் சாப்பிடுறோம்னு அர்த்தம்.”

“நம்ம ஊர்ல இலையை மடிச்சாத்தான் எடுப்பாங்க. இங்க கரண்டி நேரா படுத்துக்கிட்டா போதும்போல” என்றார். ஆனால் அந்தப் பாடத்தை அவர் பிறகு மறக்கவில்லை. ஒவ்வொரு சாப்பாட்டிலும் முள்ளைச் சாய்த்து வைத்துவிட்டு, யாராவது தட்டை எடுக்க வருகிறார்களா என்று கவனமாகப் பார்ப்பார்.

திரும்புவதற்குள் அவருக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் தனக்கென்று ஒரு முள்கரண்டி வாங்கினார். “மத்தவங்க தின்னதாச்சே” என்றேன். “வெந்நீர்ல போட்டா போச்சு” என்று பேச்சை முடித்துவிட்டார். நல்ல கனமான முள். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக மல்லிகாவுக்குப் போன் போட்டார். “முதல் பந்தியில எனக்கு ஒரு இலை போடு” என்றார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காரில் கிளம்பினோம். வழியெல்லாம் குறுவை கதிர் வாங்கியிருந்தது. கும்பகோணம் தாண்டி ரோடு வேலை என்று வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள். சுற்றிக்கொண்டு போனதில் திருப்பனந்தாள் அருகே டயர் பஞ்சர். டிரைவர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்க, நாங்கள் பக்கத்து இட்லிக் கடையில் போய் உட்கார்ந்தோம். எவர்சில்வர் தட்டில் இட்லி வந்தது. இவர் சட்டைப் பையிலிருந்து முள்ளை எடுத்தார். நம்ம மண்ணில், நம்ம ஜனங்களுக்கு நடுவில், முதல் தடவை.

இட்லியைக் குத்திச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டார். கடையே திரும்பிப் பார்த்தது.

“ஐயா பாரின்லேருந்து வர்றீங்களா?” என்றார் கடைக்காரர்.

“ஆமாங்க, லண்டன் பக்கம்.”

பின்னால் யாரோ, “பாரு, நாலு நாள் போய்ட்டு வந்ததும் கையால சாப்பிடுறது மறந்துபோச்சு” என்று முணுமுணுத்தார். நான் திரும்பி முறைத்தேன். இவர் என் கையைத் தொட்டார். “பேசட்டும் சரோஜா. பீத்தக்காரன்னுதானே சொல்றாங்க” என்றார். பெருமை பீற்றுகிறவன் என்ற பெயரை அவர் பட்டுச் சால்வை மாதிரி வாங்கிக்கொண்டார். இன்னும் இரண்டு இட்லி கேட்டார்.

நான் காரில் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். அதே இடது கைதான். வெறுமனே இருந்தால் அசிங்கம், ஒரு துண்டு இரும்பைப் பிடித்துக்கொண்டால் நாகரிகம். அது எப்படி என்று இந்த ஊரில் யாரும் கேள்வி கேட்பதில்லை. எனக்கு அதில் கோபம்தான் வந்தது, ஆனால் அவர் வயிறு நிறைந்திருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

மண்டபத்தில் மல்லிகா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அண்ணி, அண்ணனுக்கு உடம்பு முடியாம இருந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன். கை விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. மாடி ரூம்ல வேணா இலை போட்டுடவா?” என்றாள். அவள் பயம் எனக்குப் புரிந்தது. மங்கல காரியத்தில் மாமன்காரன் பீச்சாங்கையால் சாப்பிட்டான் என்று ஒரு கிழம் வாயைத் திறந்தால் போதும், அந்தப் பெண் போகிற வீட்டில் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். “உங்கண்ணன் முள்ளோட வந்திருக்காரு. கவலப்படாதே” என்றேன்.

மறுநாள் காலை சீர்த் தாம்பாளத்தை வலது முழங்கையில் தாங்கி, இடது கையால் விளிம்பைப் பிடித்து, இரண்டு கையாலும் கொடுத்த மாதிரியே கொடுத்துவிட்டார். முகூர்த்தம் முடிந்தது. முதல் பந்தி. மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்தில் இவர். எதிர் வரிசையில் நான். மல்லிகா சோற்று வாளியோடு நின்றாள்.

முள் வெளியே வந்தது. “என்ன சம்பந்தி, லண்டன் பழக்கமா?” என்று மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். “ஒட்டிக்கிச்சுங்க” என்று இவரும் சிரித்தார். பொரியல், கூட்டு, வடை எல்லாம் சீராகப் போயின. சாம்பார் சோற்றையும் மெல்லமாக அள்ளிச் சமாளித்துவிட்டார். நான் மூச்சு விட்டேன்.

ரசம் வந்தது. தட்டில் சாப்பிடும் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த சாமான் அந்த முள். அதற்கு வாழை இலையைத் தெரியாது. தளர்ந்த சோற்றை அள்ள இவர் முள்ளைக் கொஞ்சம் அழுத்தினார். இலை நீளவாக்கில் கிழிந்தது. ரசம் கிழிசலுக்குள் இறங்கி, விரித்திருந்த காகிதத்தில் ஓடி, மாப்பிள்ளையின் அப்பாவுடைய பட்டு வேட்டியில் சொட்டியது. அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். அந்த வரிசையே சாப்பிடுவதை நிறுத்தியது.

வேட்டியைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: “பரவால்ல, விடுங்க. ஆனா இது எதுக்குங்க நமக்கு? நம்ம வீட்டுப் பந்தி. கையாலயே சாப்பிடுங்க சம்பந்தி.”

நல்ல மனசோடு சொன்னதுதான். மல்லிகா முகம் வெளிறிப்போய் நின்றாள். ஏதாவது சாக்குச் சொல்லி இவரை எழுப்பி மாடிக்கு அழைத்துப் போய்விடலாமா என்று நான் பாதி எழுந்துவிட்டேன்.

இவர் முள்ளைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டார். பிறகு மடியில் இருந்த துண்டை விலக்கி, வலது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். மடங்கிய விரல்கள் எல்லாருக்கும் தெரிந்தன.

“இது வராதுங்க. கையாலன்னா எனக்கு இதுதான்” என்று இடது கையைக் காட்டினார். “உங்களுக்குச் சம்மதம்னா சாப்பிடுறேன்.”

மாப்பிள்ளையின் அப்பா அந்தக் கையைப் பார்த்தார். சட்டைப் பையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பரிமாறுபவரைத் திரும்பிப் பார்த்து, “சம்பந்திக்கு வேற இலை போடுப்பா” என்றார். தன் இலைப் பக்கம் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

புது இலை வந்தது. சோறு வந்தது. ரசம் வந்தது. இவர் இடது கையை இலையில் வைத்தார். ஐந்து விரலாலும் பிசைந்தார். அந்தக் கணம் எனக்கே உடம்பு கூசியது, மறைக்க மாட்டேன். அடுத்த கணம், விரல் இடுக்கில் ரசம் வழிய அவர் அந்தச் சோற்றை வாயில் வைத்தபோது, கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. முள்ளின் வழியாக அவர் இத்தனை நாள் சாப்பிட்டது பசிக்கு. நாலு பேர் நடுவில் சோற்றின் சூட்டை விரலால் தொட்டு அவர் சாப்பிட்டு ஒரு வருஷமாகியிருந்தது.

பக்கத்து வரிசையில் ஒரு அம்மாள் இன்னொருவர் காதில் ஏதோ சொன்னார். சொல்லட்டும் என்று இருந்தது எனக்கு. மல்லிகா மட்டும் வாளியைப் பிடித்துக்கொண்டு அண்ணன் முன்னால் சிலையாக நின்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.

இவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு நிமிர்ந்தார்.

“என்னம்மா நிக்கிற?” என்றார். “சோறு போடு.”